பேஸ்லிப்பில் வராத லீவு

சிட்னியிலிருந்து, முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்:

இதை எழுத எனக்கு ஒன்றரை வருசம் எடுத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தவள் நான். இங்கே முதியோர் இல்லத்தில் கேஷுவல் வேலை, கூப்பிட்ட நேரத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் சம்பளம். என் சம்பளச் சிட்டை, அதுதான் பேஸ்லிப், இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஈமெயிலில் வரும். அந்த ஈமெயிலை மனுசன்தான் திறந்து தந்தவர், பாஸ்வேர்டும் அவரிடம்தான். எத்தனை மணித்தியாலம், ஞாயிறுக்கு என்ன ரேட் என்று விரல் வைத்து வரிவரியாக வாசிப்பார். ஒருமுறை நான்கு மணித்தியாலம் குறைந்திருந்தது. எங்கே போனாய் என்று கேட்டுக்கொண்டே கையை முறுக்கினார். விடிய மணிக்கட்டு வீங்கியிருந்தது.

அடுத்த நாள் வேலையில் எங்கள் சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டார். பிலிப்பைன்ஸ்காரி. என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் நிறுத்தி, மாத்திரை எண்ணுகிற மாதிரிக் குனிந்துகொண்டு, "எங்கள் நாட்டில் 2004இலிருந்தே இதற்குச் சம்பளத்தோடு 10 நாள் லீவு இருக்கிறது, இப்போது இங்கேயும் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

நான் நம்பவில்லை. கேஷுவலுக்கு சுகமில்லாமல் போனாலே சம்பளம் கிடையாது, இதற்கு எப்படித் தருவார்கள்? ஆனால் உண்மைதான். ஆஸ்திரேலியாவில் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 2023 பெப்ரவரி 1 முதல் வருசத்துக்கு 10 நாள், முழுச் சம்பளத்தோடு. 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சின்ன இடங்களுக்கு அந்த வருசம் ஆகஸ்ட் 1 முதல். பகுதிநேரமோ கேஷுவலோ எல்லோருக்கும் உண்டு. கேஷுவலுக்கு, ரோஸ்டரில், அதாவது வேலை நேரப் பட்டியலில், ஒப்புக்கொண்ட மணித்தியாலங்களுக்குக் காசு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தப் பத்தும் கையில் இருக்கும், வருடாந்த லீவு போல் சேர்த்துச் சேர்த்து வரத் தேவையில்லை. எடுக்காத நாள் அடுத்த வருசத்துக்குப் போகாது.

எனக்கு அதெல்லாம் பிறகு. நான் கேட்ட முதல் கேள்வி, சிட்டையில் என்ன என்று வரும் என்பதுதான். சம்பளப் பகுதியில் இருந்த பிள்ளை, குடும்ப வன்முறை லீவு என்று சிட்டையில் எழுதவே கூடாது, அதுவும் சட்டம்தான் என்றாள். சாதாரண வேலை நேரமாகத்தான் போடுவார்களாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை யூனிஃபோர்ம் போட்டு, பெயர் பட்டியும் குத்தி, சாப்பாட்டுப் பெட்டியில் புட்டும் எடுத்துக்கொண்டு வழக்கமான பஸ்ஸில் ஏறினேன். இறங்கியது இலவச சட்ட உதவி மையத்தில். தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனிலேயே எடுத்துத் தந்தார்கள். பின்னேரம் வழக்கமான நேரத்துக்கே வீட்டுக்கு வந்தேன். சிட்டை வந்தபோது அவர் விரல் வைத்து வாசித்தார். கணக்குச் சரியாக இருந்தது.

மொத்தம் ஆறு நாள் எடுத்தேன், எல்லாம் உதிரி உதிரியாக. வக்கீல், டொக்டர், பொலிஸ், கோர்ட் இரண்டு தரம், வீடு மாறிய நாள். கோர்ட்டில் முதல் தவணை பத்து நிமிடத்தில் தள்ளிப்போனது. அதற்கும் ஒரு நாள் போய்விட்டது, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

மெல்பர்னிலிருந்து, சம்பளக் கணக்கு பார்ப்பவர்:

அக்கா எழுதியதைப் படித்ததும் என் பழைய தப்பு ஒன்று ஞாபகம் வந்தது. இந்தச் சட்டம் வந்த புதிதில் எங்கள் சாஃப்ட்வேரில் இந்த லீவைப் புதிதாகச் சேர்த்தேன். எந்த லீவைச் சேர்த்தாலும் பேஸ்லிப்பின் அடியில் "மீதி இத்தனை நாள்" என்று அது தானாகவே அச்சடிக்கும். அந்த டிக்கை எடுக்க மறந்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் ஒன்றைத் திறந்து பார்த்ததால் தப்பித்தது. மீதி நாள் கணக்கும் வரக் கூடாது, அதுவும் விதியில் இருக்கிறது. என் மேஜையில் அது ஒரு சின்னக் கட்டம்தான். யார் வீட்டில் அது என்ன செய்திருக்கும் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

லீவு கேட்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ஸ்லிப்பில் எப்படிக் காட்டப்போகிறீர்கள் என்று நீங்களே கேளுங்கள். வேலை நேரமாகக் காட்டலாம். நீங்கள் கேட்டுக்கொண்டால் வேறு வகை லீவாகவும் போடலாம். அன்றைக்கு வேலை செய்திருந்தால் வரும் பெனால்ட்டி ரேட்டும் (ஞாயிறு போன்ற நாட்களுக்கான கூடுதல் சம்பளம்) இந்தச் சம்பளத்தில் சேரும், அதனால் தொகையிலும் வித்தியாசம் தெரியாது. 2018 டிசம்பரில் முதலில் சட்டத்தில் வந்தது 5 நாள், சம்பளமே இல்லாமல். சம்பளம் குறைந்தால் வீட்டில் தெரியாமல் இருக்குமா? யாருக்கு அது உதவியிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

பிரிஸ்பேனிலிருந்து, கோயம்புத்தூர்க்காரர்:

எனக்கு அடி விழவில்லை. மாமியார் எங்களோடு இருந்தார். பாஸ்போர்ட், பேங்க் கார்டு எல்லாம் அவர் பீரோவில். நான் யாரிடம் பேசினாலும் கதவுக்கு வெளியே நிற்பார், விசாவை கேன்சல் பண்ணிவிடுவோம் என்பார். லீவு கேட்டபோது மேனேஜர், "கணவர் அடிக்கவில்லையே, இது எப்படி இதில் வரும்?" என்றார். வரும். நெருங்கிய உறவினர், முன்னாள் துணை, ஒரே வீட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் மிரட்டி அடக்கி வைத்தால் சட்டத்தில் அதுவும் சேர்த்திதான்.

அப்புறம், போலீஸ் ரிப்போர்ட் வேண்டும் என்றார். ஆதாரம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அது போலீஸ் ரிப்போர்ட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நான் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதினேன். அதற்குச் சாட்சிக் கையெழுத்து போட்டவர் பக்கத்து பார்மசி பெண். கீழே இருமல் மருந்து வாங்க நாலு பேர் வரிசையில் நிற்க, அவர் அவசரமே படாமல் எல்லாப் பக்கத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

விசாவுக்குப் பயந்துதான் நான் ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. கணவன் அல்லது மனைவி மூலம் கிடைக்கும் தற்காலிக பார்ட்னர் விசாவில் இருக்கும்போது வன்முறையால் உறவு முறிந்தால், நிரந்தர விசாவுக்கான வழி அதோடு அடைபட்டுவிடாது. இதை எனக்குச் சொன்னது குடும்ப வன்முறை உதவி எண்ணான 1800 737 732இல் பேசிய பெண். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450க்கு அடித்து, தமிழ் என்று சொல்லி, அந்த எண்ணுக்கு இணைக்கச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து:

இங்கே இப்படி ஒரு லீவு சட்டத்தில் இல்லை. நான் போட்டது மூன்று நாள் சிஎல், காரணம் "வைரல் காய்ச்சல்". முழுக்கை சுடிதார் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன், மே மாதத்தில். 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், இழந்த சம்பளத்தையும் சேர்த்துக் கேட்கலாம் என்று வக்கீல் சொன்னார். ஆனால் அதைக் கேட்கவும் கோர்ட்டுக்குப் போக லீவு வேண்டுமே! உங்கள் எல்லோருடையதையும் படித்துப் பொறாமையாகத்தான் இருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் எழுதியவர், மறுபடியும்:

சென்னைப் பிள்ளைக்கு, தப்பாக ஒன்றும் எடுக்கவில்லை. மே மாதத்தில் முழுக்கை என்று எழுதினீர்கள், இங்கே நானும் சனவரி வெயிலில் கார்டிகன் போட்டவள்தான்.

நான் லீவு எடுத்தது மனுசனுக்குத் தெரிந்ததா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். தெரியாது. நான் வெளியேறிய நாள்கூடச் சிட்டையில் வேலை நாள்தான். இப்போது புது ஈமெயில், பாஸ்வேர்டு என்னிடம் மட்டும். ஆனால் பழக்கம் விடவில்லை, சிட்டை வந்தால் நானும் விரல் வைத்துத்தான் வாசிக்கிறேன். போன தடவை ஞாயிறு ரேட்டில் ஒரு மணித்தியாலம் குறைத்துப் போட்டிருந்தார்கள். கேட்டு வாங்கினேன்.