அம்புக்குக் குச்சி தேடியபோது நொச்சி கிடைத்தது

மரவில் பழக ஆரம்பித்த நாளிலிருந்து, அம்பையும் நானே புதர்க்குச்சியில் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். 1991ல் ஆல்ப்ஸ் பனியில் உறைந்த உடலாகக் கிடைத்த ஓட்ஸி என்ற ஆதிமனிதனின் அம்புத்தூணியில் 14 அம்புத்தண்டுகள் இருந்தன. சுமார் 5300 ஆண்டு பழமை. தண்டுகள் வைபர்னம் புதரின் இளங்குச்சிகள். அந்தக் குளிர்நாட்டுச் செடியைப் பினாங்கில் தேடிப் பயனில்லை. அதன் குணத்தைத் தேடலாம் அல்லவா? கிளைக்காமல் ஓடும் குச்சி, நடுவில் கொஞ்சமே நெட்டி, சுற்றிலும் கெட்டியான கட்டை.

காட்டிலாகா நிலத்தில் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. அதனால் பாலிக் பூலாவில் மாமாவின் டுரியான் தோட்டத்துக்குப் போனேன்.

முதலில் கண்ணில் பட்டது செண்டுடோக் புதர். பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்ட அதே செடிதான். சாணுக்கு ஒரு கிளை, விட்டுவிட்டேன். வேலியோரம் அரளி விளாறு விளாறாக நேராக நின்றது. பாராங் கத்தியை ஓங்கியதும் மாமா கையைப் பிடித்துவிட்டார்.

"வேர்ல இருந்து பூ வரைக்கும் விஷம்டா அது. பேர் தெரியாத செடியையும் வெட்டாதே. ரெங்காஸ் மரத்துச் சாறு பட்டா உடம்பெல்லாம் கொப்பளிச்சிடும்."

அப்புறம் அவரே கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். ஆவி பிடிக்க அத்தை நட்ட நொச்சி, கவனிப்பாரில்லாமல் புதராகிக் கிடந்தது. எதிரெதிர் இலைக்காம்பு, காம்புக்கு மூன்றோ ஐந்தோ சிற்றிலை, அடிப்பக்கம் வெளிறல், கசக்கினால் அந்த வாசம். பழைய கிளைகள் கோணல்தான். ஆனால் போன வருடம் மாமா வெட்டிவிட்ட அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிர்கள் ஆளுயரத்துக்கு நேராக எழும்பியிருந்தன. நான் கற்ற பெரிய விஷயம் இதுதான்: செடியின் பெயரைவிட, வெட்டுப்பட்ட கட்டையில் கிளம்பிய விளாறைத் தேடுங்கள்.

சுண்டுவிரல் பருமனில் 12 குச்சிகள், மூன்றடி நீளம். வெட்டுமுனைகளில் மெழுகு பூசி, தோலோடு இறுக்கிக் கட்டி நிழலில் மூன்று மாதம் வைத்தேன். நம் ஊர் ஈரத்தில் நான்கு பூஞ்சை பிடித்தன, மூன்று வெடித்தன. மிச்சம் ஐந்தைக் கரி அனலில் வாட்டி, சூடு ஆறுமுன் கோணல் எடுத்தேன். தடித்த முனை முன்னால், மெல்லிய முனையில் நாண் பொருந்த ஒரு வெட்டு.

ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் தண்டைக் கையால் வளைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் அது நாணிலேயே முறிந்து கையைக் கிழித்துவிடும்.

பூஞ்சை பிடிக்காமல் இங்கே காய வைத்தவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். கிணற்றடி நொச்சி மறுபடி தளிர்த்துவிட்டது.