போதைக் கடத்தல் நாவல்களில் உங்களை இன்னும் விடாத காட்சி எது?

முதல் பதிவு

இவ்வகைக் குற்றப்புனைவுகளின் போக்கை இங்குள்ள அனைவரும் அறிவீர்கள் என்பதால் கதையை விரித்துச் சொல்லவில்லை. நான் படித்த நாவலில், கடனில் மூழ்கிய கணக்கர் ஒருவர், தெரிந்தவர் கொடுத்த பெட்டியை எல்லை தாண்டிச் சேர்த்துவிட்டுத் திரும்புகிறார். அன்றிரவு கூலிப் பணத்தை மூன்று முறை எண்ணுகிறார். மூன்றாம் முறை பாதியில் விரல் நின்றுவிடுகிறது. பெட்டியில் இருந்தது என்னவென்று தமக்கு முதலிலேயே தெரியும் என்பதை அப்போதுதான் அவர் தமக்குள் ஒப்புக்கொள்கிறார். ஒரு பெட்டியைச் சுமந்ததற்கு அவ்வளவு கூலி கிடைக்காது என்பதை ஆயுள் முழுவதும் கணக்கெழுதியவர் அறியாமலா இருந்திருப்பார்? படித்து ஈராண்டு ஆகியும், பணத்தாள்களை எண்ணும்போதெல்லாம் அந்த விரல் என் நினைவுக்கு வருகிறது.

மறுமொழி 1

எனக்கு நேர்ந்தது புத்தகத்துக்கு வெளியே. அத்தகைய நாவல் ஒன்றைப் பாதி படித்தபடி விமான நிலையத்தில் வரிசையில் நின்றிருந்தேன். முன்பின் அறியாத மூதாட்டி ஒருவர், தம் பெட்டியின் எடை கூடிவிட்டதென்று சொல்லி, ஒரு மருந்துப் பையை என் பெட்டியில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டார். பக்கத்துக்கு அடையாளமாக விரலைச் செருகியிருந்த புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மறுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது மருந்தாகவே இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அந்நாவலை இன்றுவரை முடிக்கவிடவில்லை.

மறுமொழி 2

முதலில் எழுதியவர் கணக்கர்மீது தீர்ப்பெழுதிவிட்டார்; எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் படித்த கதையில், குருவியாக, அதாவது பிறர் பொருளைக் கூலிக்குக் கடத்திச் செல்பவளாக, அனுப்பப்பட்ட பெண் நீதிமன்றத்தில் 'எனக்குத் தெரியாது' என்கிறாள், மொழிபெயர்ப்பாளர் அதை உணர்ச்சியே இல்லாமல் திருப்பிச் சொல்கிறார்; அந்தப் பக்கத்தோடு மூடிவைத்தேன். மறுமொழி 1 எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நீங்கள் வருந்தத் தேவையில்லை. இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்ற மனநிலை, அதாவது அறிந்தே செய்யும் எண்ணம், இருந்ததாகவே முதலில் கொள்கிறது. இல்லையென்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேற்பட்ட தூய ஹெராயினைக் கடத்தினால் மரண தண்டனையே கிடைக்கக்கூடும். ஆகவே உங்கள் பெட்டியை நீங்களே அடுக்குங்கள், பூட்டுங்கள், கண்பார்வையிலேயே வைத்திருங்கள். எவரேனும் எதையேனும் கொடுத்தால், அவர் முதியவராயினும் உறவினராயினும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். வற்புறுத்தினால் காவலரிடம் தெரிவியுங்கள்.

முதல் பதிவை எழுதியவர்

தீர்ப்பெழுதுவது என் நோக்கமன்று. அந்நாவலைப் படித்த மாதங்களில் நானும் கடனில்தான் இருந்தேன். அப்போது எவரேனும் ஒரு பெட்டியை நீட்டியிருந்தால், உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்டிருப்பேனா என்பதற்கு என்னிடம் இன்னும் விடையில்லை.