புதுப்பிப்பு: செதுக்குக் கத்தி வாங்கியாச்சு

மரக்கரண்டி செதுக்க மடக்குக் கத்தி போதுமா, தனிக் கத்தி வேண்டுமா என்று கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி ஸ்வீடன் தயாரிப்பான மோரா 120 என்ற செதுக்குக் கத்தியை வாங்கினேன். அலகு சுமார் 6 செ.மீ.தான். குட்டை என்பதால் கட்டைவிரலால் தள்ளிச் சீவும்போது முனை கட்டுக்குள் நிற்கிறது. நடுவில் கடினமான கார்பன் எஃகு, இருபுறமும் மென்மையான எஃகு. வெட்டும் விளிம்பை நோக்கி அலகு மெலியும் சரிவு அகலமாக, தட்டையாக இருப்பதால் சாணைக்கல்லில் அப்படியே படிய வைத்துத் தீட்டலாம். கோணம் தேட வேண்டியதில்லை. துருப்பிடிக்கும், எண்ணெய் தடவி வைக்கிறேன்.

பச்சைக் குமிழ் மரம் இழுத்த இழுப்புக்கு வருகிறது. காய்ந்த வேம்பில் கை வலி, அதற்குக் கத்தி என்ன செய்யும்! கரண்டிக் குழி தோண்ட மட்டும் வளைந்த கத்தி தனியாக வேண்டும். அதில் இடதுகை, வலதுகை என்று வேறு வேறு வரும், பார்த்து வாங்குங்கள்.