"ஜோன் 5–9" என்று போட்ட விதை நம் மாடியில் வருமா? மூன்று ஊர்த் தோட்டக்காரர்கள் சொல்வது:

சென்னை, மொட்டை மாடி:
ஆன்லைனில் வாங்கும் டுலிப் கிழங்கு, லாவெண்டர் விதைப் பாக்கெட்டுகளில் இருக்கும் இந்த எண் அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கு. வருடத்தின் மிகக் குளிரான இரவு எத்தனை டிகிரிக்கு இறங்குகிறது என்று 30 வருடச் சராசரி எடுத்து 13 ஜோன்களாகப் பிரித்திருக்கிறார்கள். 2023 வரைபடத்துக்கு 1991–2020 தரவு. சென்னையில் மார்கழியில்கூட 17, 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்தக் கணக்கில் நாம் 13ஆம் ஜோன் (15.6–21.1 டிகிரி).

பாக்கெட்டில் உள்ள 5, செடி எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பது. நமக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பார்க்க வேண்டியது 9. 9ஆம் ஜோனைத் தாண்டிய ஊரில் செடிக்குக் குளிர் போதாது, அல்லது சூடு தாங்காது. டுலிப் பூக்க 9 டிகிரிக்குக் கீழே 12 வாரமாவது இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் கூடவே ஆப்பிள் வைத்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் உள்ளே இருக்கும் பூமொட்டைக் கெடுத்துவிடும். லாவெண்டரை இங்கே கொல்வது வெயிலைவிட ஐப்பசி மழையும் புழுக்கமும்தான். அதை எந்த ஜோன் எண்ணும் சொல்லாது.

கோயம்புத்தூர்:
காய்கறிக்கு ஜோனைப் பார்க்கவே வேண்டாம். தக்காளி, கோஸ் எல்லாம் ஒரே பருவத்தில் முடிந்துவிடும், குளிர்காலம் தாண்ட வேண்டியதில்லை. தக்காளியில் இரவு வெப்பத்தைக் கவனியுங்கள். பகல் 35, இரவு 24 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீணாகி, பூ காம்போடு உதிரும். இதற்குப் பலர் உரத்தைக் கூட்டுகிறார்கள். தழைச்சத்து ஏறி இலைதான் வளரும். சித்திரை, வைகாசியில் காய்ப்பு நடக்காதபடி விதைப்பைத் தள்ளிப் போடுவதே வழி. ஆடிப்பட்டம் சும்மா சொல்லி வைத்ததில்லை.

வெங்காய விதை வாங்கும்போது குளிரைவிடப் பகல் நீளம் முக்கியம். வெளிநாட்டு நீள்பகல் ரகங்கள் கிழங்கு கட்ட 14 மணி நேரப் பகல் கேட்கும். நம்மூரில் ஆனி மாதத்திலும் 13 மணிக்குள்தான். தாள் மட்டும் தளதளவென்று நிற்கும், அடியில் ஒன்றும் இருக்காது. குறும்பகல் ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

ஊட்டி:
எங்கள் பக்கம் நிலைமை வேறு. டிசம்பர், ஜனவரியில் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் ஒரே தோட்டத்தில் மேல் பாத்தி தப்பி, கீழ் பாத்தி உருளைக்கிழங்கு கருகும். வானம் தெளிந்து காற்றே இல்லாத மாலையில் வெயில் இறங்குமுன் மூடிவிடுங்கள். சாக்கோ துணியோ, ஓரம் மண்ணைத் தொட வேண்டும். மண்ணின் சூடுதான் உள்ளே நிற்கப்போகிறது. பிளாஸ்டிக் ஷீட் என்றால் குச்சி நட்டு மேலே போடுங்கள், இலையில் பட்டால் பட்ட இடம் கருகும். வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

சென்னை, மொட்டை மாடி:
ஒன்று விட்டுப்போனது. வானிலை நிலையத்தின் அளவு மரப்பெட்டி நிழலில் எடுப்பது. மாடித் தளத்தின் சூடு அதில் வராது. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதியும் வெப்பமானியைத் தொட்டி உயரத்தில், நிழலில் மாட்டி ஒரு வருடம் குறித்து வையுங்கள். தொட்டிகளைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். மேற்குச் சுவரை ஒட்டி வைத்தால் இரவிலும் சுவர் சூடு விடும், தக்காளிக்கு அந்த இடம் ஆகாது. பங்குனி முதல் ஆனி வரை 50 சதவீத நிழல்வலை போதும். 75 போட்டால் கத்தரி, வெண்டை வெளிச்சம் தேடி நெட்டையாகும். காலிஃபிளவருக்கு முன்பருவ ரகமாகப் பார்த்து செப்டம்பர் கடைசியில் நாற்றுவிடுங்கள். பின்பருவ ரகம் சென்னையில் இலையோடு நின்றுவிடும். நாற்றுத் தட்டுக்கு மேல் மழைக்கூரை இல்லையென்றால் நாற்றழுகலில் பாதி போய்விடும்.