ஸ்லாக் பாட் ஒரே கேள்விக்கு நாலு முறை பதில் சொல்கிறது, உதவி தேவை

நண்பர்களே, எங்கள் டீம் பேசிக்கொள்ளும் ஸ்லாக் ஆப்பில் ஒரு ஏஐ உதவியாளரை (பாட்) இணைத்திருக்கிறேன், பைத்தானில். நேற்று மேனேஜர் லீவு பாலிசி பற்றிக் கேட்க, நாலு பதில் வந்தது. நாலும் வேறு வேறு! மானம் போயிற்று.

தப்பு என் கோடில்தான். ஈவென்ட் (யாராவது கேட்டதும் ஸ்லாக் என் கோடுக்கு அனுப்பும் தகவல்) வந்த 3 விநாடிக்குள் 200 (‘கிடைத்தது’ என்று சொல்லும் HTTP பதில்) திருப்பி அனுப்பாவிட்டால், ஸ்லாக் அதையே இன்னும் 3 தடவை வரை அனுப்பும். மாடல் யோசிக்கவே 10 விநாடி ஆகிறது.

சரி என்று, முதலில் 200 அனுப்பிவிட்டு மாடலைப் பின்னணியில் ஓட விட்டேன். லேப்டாப்பில் ஓடுகிறது. சர்வர்லெஸ்ஸில் (கோரிக்கை வரும்போது மட்டும் கோடை ஓட்டும் கிளவுட் சேவை) ஏற்றினால், 200 போனதுமே ஃபங்ஷன் உறைந்துவிடுகிறது.

நடுவில் ஒரு க்யூ (வேலைகளை வரிசையில் வைத்துப் பிறகு முடிக்க) வைப்பதா, சாக்கெட் மோடுக்கு (ஸ்லாக்குடன் எப்போதும் திறந்திருக்கும் இணைப்பு) மாறுவதா? சாக்கெட் மோடுக்கு எந்நேரமும் ஓடும் சர்வர் வேண்டும். நாங்கள் 12 பேர்தான். அப்புறம், வந்த ஈவென்டே திரும்ப வந்தால் தள்ளிவிட, ஈவென்ட் ஐடியை எங்கே சேமிக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.