தெற்குக்குத் திரும்பும் மகள்: அமெரிக்கக் குடும்ப மர்மக் கதைகளில் வாசகர்கள் கவனித்தவை

வாசகர்கள் சிலர் ஒருவர்பின் ஒருவராக எழுதிய குறிப்புகள் இவை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் நடக்கும் குடும்ப மர்ம நாவல்களுக்கு ஏறக்குறைய ஒரே அச்சுதான். பாட்டி இறந்துபோகிறாள், இருபது வருடம் ஊர்ப்பக்கம் தலைகாட்டாத பேத்தி வருகிறாள், பூட்டிக் கிடந்த அறையில் குடும்ப பைபிள், அதற்குள் பாட்டி கைப்பட எழுதிய உயில். அச்சு பழையது என்பதில் எனக்குக் குறையில்லை. எந்த மாநிலம் என்று யோசிக்காமல் எழுதுவதில்தான் பாதிக் கதைகள் கவிழ்கின்றன.

சாட்சிகள் கையொப்பமிடாத, கைப்பட எழுதிய உயில் வட கரோலினா, வர்ஜீனியா, டென்னசி, மிசிசிப்பி ஆகிய இடங்களில் செல்லும். டென்னசியில் உயில் எழுதியவரின் கையெழுத்தை அறிந்த இரண்டு பேர் வந்து சொல்ல வேண்டும். ஜார்ஜியாவிலோ புளோரிடாவிலோ இரண்டு சாட்சிகள் கையெழுத்திடாத காகிதம் வெறும் கடிதம்தான்; அதற்காக யாரும் யாரையும் கொல்ல மாட்டார்கள். கதைக்காரருக்கு நல்ல தீனி வட கரோலினாவில் இருக்கிறது. அங்கே அந்த உயில் இறந்தவரின் முக்கியக் காகிதங்களுக்கு நடுவிலோ, பாதுகாப்பான ஓரிடத்திலோ, அவரே ஒப்படைத்தவரின் கையிலோ கிடைத்திருக்க வேண்டும். ஆக, "எங்கே கிடைத்தது" என்பதே வழக்கின் உயிர். பைபிளிலிருந்து எடுத்துக் கார் டிக்கியில் வைத்த மாமாதான் வில்லன் என்று எழுதலாம். இதுவரை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

* * *

உயிலை விடுங்கள். உயிலே இல்லாத நிலம்தான் தெற்கின் உண்மையான மர்மம். தாத்தா உயில் எழுதாமல் போனால் நிலம் பிரிக்கப்படாத பங்காக வாரிசுகளுக்கு இறங்கும். ஆறு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஆறில் ஒன்று. அதில் ஒருவர் நான்கு பிள்ளைகளை விட்டுப்போனால் அவர்களுக்கு இருபத்து நான்கில் ஒன்று. கறுப்பினக் குடும்பங்கள் நிலத்தை இழந்த வழிகளில் இது முக்கியமானது: வெளியாள் ஒருவர் சிகாகோவிலோ டெட்ராய்டிலோ இருக்கும் பங்காளியிடம் அந்தச் சின்னப் பங்கை வாங்கி, பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, மொத்த நிலத்தையும் நீதிமன்ற வாசலில் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். பங்காளிச் சண்டை பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று பாருங்கள். 2010-ல் இதற்கு, மாநிலங்கள் விரும்பினால் ஏற்கும்படி ஒரு மாதிரிச் சட்டம் வரையப்பட்டது. ஜார்ஜியாவில் 2013 முதலும், அலபாமாவில் 2015 முதலும், தென் கரோலினாவில் 2017 முதலும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி முதலில் நிலத்துக்கு மதிப்பீடு. பிறகு, விற்கச் சொன்னவரின் பங்கை மற்ற பங்காளிகள் வாங்கிக்கொள்ள விருப்பம் தெரிவிக்க 45 நாள். பணம் கட்ட அதற்கு மேல் குறைந்தது 60 நாள். நிலம் 2,40,000 டாலர் பெறும் என்றால் அந்த வெளியாள் வாங்கிய இருபத்து நான்கில் ஒரு பங்கு 10,000 டாலர். கதாநாயகி ஒரு பழைய காரை விற்றால் தீர்ந்தது. 2019-ல் நடக்கும் ஜார்ஜியாக் கதையில் "நாளைக் காலை ஏலம்" என்று பதறினால், ஆசிரியர் 1985-ஐ மனத்தில் வைத்து எழுதுகிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று. இருபது வருடம் அந்த வீட்டிலேயே குடியிருந்து வரியும் கட்டிய சித்தப்பா மகன் "இது என்னுடையது" என்று நம்புவான். வரி கட்டியதால் மட்டும் மற்றவர் பங்கு அவனுக்கு வந்துவிடாது. அவனுக்கு அது தெரியும் நாள்தான் கொலைக்குச் சரியான நாள்.

* * *

மேலே எழுதியவருக்கு ஒரு சேர்க்கை: லூசியானாவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) கிடையாது, அதன் பெயர் பாரிஷ். சட்டத்தின் வேர் பிரெஞ்சு, ஸ்பானிய மரபு. 24 வயது ஆகாத பிள்ளையை, குறிப்பிட்ட காரணங்கள் இல்லாமல், உயிலில் ஒதுக்க முடியாது. அப்படி ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் கால் பங்கு, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் எல்லோருக்கும் சேர்த்துப் பாதி. "எனக்கு 19 வயதில் அப்பா இறந்தார், உயிலில் எனக்கு ஒன்றுமில்லை" என்பது ஜார்ஜியாவில் நடக்கும். நியூ ஆர்லியன்ஸில் வக்கீல் சிரிப்பார்.

ஆவணம் தேடும் காட்சிகளிலும் இதே அலட்சியம். அலபாமாவில் உயிலும் நிலப் பத்திரமும் புரொபேட் நீதிபதி (உயில் விவகாரங்களைப் பார்ப்பவர்) அலுவலகம் என்ற ஒரே கூரையின் கீழ். மிசிசிப்பியில் இரண்டும் சான்சரி கிளார்க் என்ற நீதிமன்ற எழுத்தரிடம். ஜார்ஜியாவில் உயில் ஓரிடம், பத்திரம் சுப்பீரியர் கோர்ட் கிளார்க்கிடம். தேடும் முறை எளிது. வாங்கியவர் பெயர் அட்டவணையில் தாத்தாவைப் பிடித்தால் நிலம் எப்படி வந்தது என்று தெரியும். விற்றவர் பெயர் அட்டவணையில் பிடித்தால் எப்படிப் போனது என்று தெரியும். இரண்டாவதில் பெயரே இல்லை என்றால் அவர் விற்றதாகப் பதிவில்லை. மர்மம் அங்கே தொடங்க வேண்டும். "பத்து டாலருக்கும் பிற மதிப்புள்ள பிரதிபலனுக்கும்" என்ற வாசகத்தைப் பார்த்துவிட்டுத் தாத்தாவை ஏமாற்றிவிட்டார்கள் என்று கதாநாயகி கொதிப்பது மட்டும் வேண்டாம். உண்மை விலையை வெளிக்காட்டாமல் இருக்க வழக்கமாக எழுதும் வரி அது.

1890 மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டுகிற கதாநாயகியும் வருகிறாள். அதில் பெரும்பகுதி 1921 வாஷிங்டன் தீயிலும் அதன் பிறகும் அழிந்துவிட்டது. 1880-க்கும் 1900-க்கும் நடுவே பெரிய பள்ளம். அடிமைப்பட்டிருந்தவர்களின் வழித்தோன்றலுக்கு அதற்கும் முன்னால் ஒரு சுவர்: 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் போன்றவைதான் இருக்கும், பெயர் பொதுவாக இருக்காது. 1870-ல்தான் பெயரோடு வருகிறார்கள்.

* * *

இவ்வளவு சட்டம் தெரிந்தவர் யாரும் ராத்திரி ஒரு மணிக்குப் புத்தகத்தைக் கீழே வைக்காமல் படிக்க மாட்டார். எனக்கு நாவலைக் காட்டிக்கொடுப்பவை செடிகொடிகள்.

குட்ஸு கொடி கோடையில் நாளுக்கு 30 செ.மீ. வரை வளரும், காரையும் கொட்டகையையும் விழுங்கும். சரி. ஆனால் உறைபனி விழுந்ததும் இலை கருகி உதிர்ந்து, பழுப்பு வலை மாதிரி கிடக்கும். அதற்குள் இருப்பது ஜனவரியில் சாலையிலிருந்தே தெரியும். முப்பது வருடமாகக் கொடிக்குள் யாருக்கும் தெரியாமல் கிடந்த பச்சை நிற லாரி என்றால், முப்பது குளிர்காலமும் ஊரில் யாருக்கும் கண் இல்லையா? ஊரே பார்த்தும் வாய் திறக்கவில்லை என்று எழுதினால் அது வேறு, அதுதான் நல்ல கதை.

மரக்கிளையில் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் கடலோரச் சமவெளிக்கு உரியது (பாசி இல்லை, அன்னாசிக் குடும்பம்). டென்னசி மலைவீட்டில் தொங்கவிடாதீர்கள். பதிமூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் சில்வண்டுக் கூட்டத்தைக் காலக்கணக்காக வைப்பது நல்ல உத்தி. 2011-லும் 2024-லும் பெரிய கூட்டம் வந்தது. அதற்கு முன் 1998. வருவது ஏப்ரல் கடைசி, மே. ஆகஸ்ட் புழுக்கத்தில் கத்துவது வருடாவருடம் வரும் வேறு இனம்.

ஏரிக்கடியில் மூழ்கிய ஊர் என்றால் உடனே தேவாலயக் கோபுரம் நீட்டிக்கொண்டிருக்கும். ஜார்ஜியாவின் லேனியர் ஏரியில் தண்ணீர் ஏறும் முன்பே கட்டடங்களைப் பெரும்பாலும் இடித்தோ அகற்றியோ விட்டார்கள். 2007 வறட்சியில் நீர்மட்டம் வழக்கமான 1,071 அடியிலிருந்து சுமார் இருபது அடி இறங்கியது. கோபுரத்தை விட்டுவிட்டு அந்த இருபது அடி மண்ணில் ஒரு காரை வையுங்கள், நம்புகிறேன்.

* * *

பிணத்துக்கு வருவோம். ஜார்ஜியாவில் பெரும்பாலான கவுண்டிகளில் கரோனர் (மரணக் காரணத்தை விசாரித்து எழுதும் அதிகாரி) தேர்தலில் ஜெயித்து வருபவர். பள்ளிப் படிப்பு முடித்திருந்தால் போதும், டாக்டராக இருக்க வேண்டியதில்லை. லூசியானாவில் பொதுவாக டாக்டர்தான். 1974-ல் "தவறி விழுந்து மரணம்" என்று எழுதிய கரோனர் யார், அவருக்கு யார் ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்காத துப்பறிவாளரை நம்பாதீர்கள்.

கல்லறையைத் தோண்டி ஆர்சனிக் எடுக்கும் காட்சி இன்னும் ஆபத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் உடலைப் பதப்படுத்தவே ஆர்சனிக் பயன்பட்டது. 1920களில் பருத்திக்காய் வண்டுக்குக் கால்சியம் ஆர்சனேட் தூவினார்கள். பருத்திக்காட்டு ஓரக் கல்லறையில் ஆர்சனிக் இருப்பது எதையும் நிரூபிக்காது. சவப்பெட்டிக்கு மேலும் கீழும் பக்கத்திலும் தனித்தனியாக மண் எடுத்து ஒப்பிட வேண்டும். முடி கிடைத்தால் நல்லது. மாதம் சுமார் ஒரு செ.மீ. வளரும் என்பதால் விஷம் ஒரே தடவையா, கொஞ்சம் கொஞ்சமாகவா என்று சொல்லும்.

டிஎன்ஏ சோதனை வைத்து "நீ என் தங்கை" என்று முடிக்கும் கதைகள் இப்போது அதிகம். அப்பாவோ அம்மாவோ மட்டும் பொதுவான சகோதரிகளுக்குச் சராசரியாக 1,750 சென்டிமார்கன் (பொதுவான டிஎன்ஏவை அளக்கும் அலகு) ஒத்துப்போகும். அத்தை, சித்தி, பாட்டி எல்லாம் அதே வட்டத்துக்குள்தான். வயது வித்தியாசம் பதினெட்டு என்றால் எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. எக்ஸ் குரோமோசோமைப் பார்க்க வேண்டும்: அப்பா தன் ஒரே எக்ஸை எல்லா மகள்களுக்கும் முழுசாகக் கொடுக்கிறார். இரண்டு பெண்களுக்கும் முழு எக்ஸ் ஒத்துப்போகவில்லை என்றால் ஒரே அப்பா இல்லை. அப்போது பழி தாத்தா பக்கமும் திரும்பலாம்.

* * *

தமிழாக்கம் செய்ய நினைப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. அந்த ஊர்ப் பெண்கள் "பாவம், அவ மனசு நல்ல மனசு" என்கிற தொனியில் சொல்லும் "பிளெஸ் ஹர் ஹார்ட்" என்ற வாழ்த்து பல நேரம் வசவு. நேரடியாக "கடவுள் ஆசீர்வதிக்கட்டும்" என்று போட்டால் துப்பு செத்துவிடும். "நல்லா இருப்பா மகராசி" என்று போட்டால் தமிழ் வாசகருக்கு இரண்டு பக்கமும் கேட்கும். துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவரும் பாத்திரங்களின் அடியில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும், திருப்பிக் கொடுக்க வசதியாக. அந்த ஒட்டுத்தாளைத் தாண்டிப் படித்துவிடாதீர்கள். யார் வந்தார்கள், யார் பாத்திரத்தை வாங்க வரவேயில்லை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.