புதுப்பிப்பு: வீட்டுப் பள்ளி மகளுக்கு அல்ஜீப்ரா, எந்தப் பாடத்திட்டம் எடுத்தோம்

மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன்: 12 வயது மகள், வீட்டிலேயே படிக்கிறாள், அல்ஜீப்ராவுக்கு வெளிநாட்டுப் புத்தக செட் வாங்கலாமா, என்சிஇஆர்டியா (மத்திய அரசுப் பாடநூல்), சமச்சீரா (தமிழ்நாடு அரசுப் பாடநூல்) என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, "எதையும் வாங்காதீங்க, முதல்ல குறை எண் தெரியுதான்னு பாருங்க" என்று ஓர் அக்கா சொன்னதுதான். 5 − (−3) கொடுத்தேன். 2 என்று எழுதினாள். சமன்பாடு தப்பாகிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான், அல்ஜீப்ரா இல்லை.

புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துக் கொடுத்தேன், தாயத்துக்குத் தேய்ப்போமே, அப்படி. வெள்ளை மிகை ஒன்று, கறுப்பு குறை ஒன்று. ஐந்து வெள்ளை வைத்தாள். மூன்று கறுப்பை எடுக்கணும், ஆனால் கறுப்பே இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மூன்று வெள்ளையும் மூன்று கறுப்பும் ஜோடியாகச் சேர்த்தாள்; ஜோடி பூஜ்யம்தானே. கறுப்பு மூன்றையும் எடுத்ததும், "அம்மா, எட்டு!" என்றாள். இதற்கு மூன்று வாரம் ஆனது.

பிறகு சமச்சீர் புத்தகம்தான், பிடிஎஃப் இலவசம். நான் எதிர்பாராத ஒன்று: ஆறாம் வகுப்பில் இயற்கணிதம் (அல்ஜீப்ராதான்) முதல் பருவத்திலேயே வருகிறது, குறை எண்கள் வரும் முழுக்கள் பாடம் மூன்றாம் பருவத்தில்தான். நாங்கள் முழுக்களை முதலில் முடித்துவிட்டு இயற்கணிதத்துக்குத் திரும்பினோம். இப்போது ஏழாம் வகுப்புச் சமன்பாடுகளைத் தானாகப் போடுகிறாள். பள்ளிக்குப் போகாதவர்களும் எழுதக்கூடிய என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது நிறையணும், அதனால் அவசரமில்லை.